முன்கொடியில் காய்ந்த குழாய்

எனக்குத் தொய்வு. மற்ற ஊர்களில் ஆஸ்துமா என்பார்கள். நான் கலியாணம் கட்டாத பெட்டை என்பதால் அது வேலிக்கு வெளியே தெரியக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். எனக்கு மூச்சு முக்கியம், அம்மாவுக்கு மானம் முக்கியம். அந்தச் சண்டையில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்குக் கேட்டாலும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஜேர்மனியில் இருந்த அண்ணை, மருந்தைப் புகைபோல ஆக்கி இழுக்கவைக்கும் மெசின் ஒன்றை அனுப்பியிருந்தார். மூக்கையும் வாயையும் மூடும் மூடி, மருந்து ஊற்றும் சின்னக் கிண்ணம், நீளமான குழாய். அது வந்து கொஞ்சக் காலத்தில் நாட்டில் யுத்தம் மூண்டு ஊருக்கே கரண்ட் போனது. போனது போனதுதான். மெசின் அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. என்னைப் பெற்ற ஐயா சும்மா இருக்கவில்லை. சைக்கிள் ரியூப்புக்குக் காற்றடிக்கும் கால்பம்பை அந்தக் குழாயோடு பொருத்தினார். எனக்கு மூச்சுத் திணறும் முட்டு வந்தால் கதிரையில் இருந்தபடி மிதிப்பார். அவர் மிதிக்க நான் மூச்செடுப்பேன்.

பாவித்த பிறகு எல்லாவற்றையும் கழுவ வேண்டும் என்று ஆஸ்பத்திரி நேர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். கொதித்தாறிய தண்ணீரில் அலச வேண்டும். வெயிலில் போட்டால் இறுகிவிடும், காற்றுப் படும் நிழலில்தான் காயவிட வேண்டும். உள்ளே ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடித்து நேரே நெஞ்சுக்குள் போகும். எங்கள் வளவில் அப்படி ஒரு இடம்தான் இருந்தது. வாசல் படலைக்கு நேரே, வேப்பமரத்துக்குக் கீழே கட்டியிருந்த உடுப்புக்கொடி. பின்பக்கம் முழுக்க அடுப்புப் புகை. ஆகவே ஐயாவின் சாரத்துக்கும் என் பாவாடைக்கும் நடுவில் குழாய் தொங்கியது. தெருவால் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். பார்க்கட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

தரகர் வட்டுக்கோட்டையில் இருந்து ஒரு சம்பந்தம் கொண்டுவந்ததும் அம்மா குழாயைப் பறித்துக்கொண்டார்.

"எல்லாம் சரிவருமட்டும் உது வெளியிலை தெரியக்கூடாது. நானே கழுவி நானே காயவிடுறன்."

அப்போது யுத்தத்தால் சவர்க்காரம் தடைசெய்யப்பட்ட சாமான். ஊரே பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தது. நல்லாய் நுரைக்கும், அழுக்கும் போகும், ஆனால் வாசம் போகாது. அந்த வாசத்துக்கு, கொடியில் கிடந்த ஐயாவின் சேட்டின் கையை ஒருநாள் மாடு சப்பித் தின்றுவிட்டது. அந்தப் பனங்களியால்தான் அம்மா என் குழாயையும் கழுவினார். வெளியே பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒட்டிய களியை யார் கண்டது? சுளகால் மூடி, பின்னறையில் நெல்லுமூட்டைக்குப் பின்னால் ஒளித்துவைத்தார்.

அடுத்த பின்னேரம் எனக்கு முட்டு வந்தது. மூடியை முகத்தில் வைத்தேன், ஐயா மிதித்தார். முதலில் பனம்பழ வாசம் வந்தது. பிறகு எறும்பு வந்தது. ஒன்றல்ல, ஒரு கூட்டம், நாக்கிலும் மூக்கிலும். மூடியை எறிந்துவிட்டு இருமினேன். இருமவும் மூச்சு வேண்டுமே, அது இல்லை. ஐயா குழாயைக் கழற்றிச் சுழற்றி உதறினார். அம்மா சுடுதண்ணீர் கொண்டுவந்து அதற்குள் ஊற்றினார். திரும்பப் பொருத்தி மிதிக்கும்வரை செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் கூட இருந்தது.

மூச்சு வந்ததும் நான் சொன்ன முதல் வசனம்: "இனி உந்தக் குழாயை முன்கொடியிலைதான் போடுவன்."

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடேலாது, பிள்ளை."

"ஊரின்ரை வாயை விடுங்கோ அம்மா. என்ரை வாய்க்குள்ளை எறும்பு."

ஐயா பம்பைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வருகிற அன்று விடியவே குழாயைக் கழுவி, பம்பால் காற்றடித்து உள்ளே நின்ற தண்ணீரை வெளியேற்றி, கொடியில் போட்டேன். நான் சீலை உடுக்கப் போன நேரம் அம்மா அதை எடுத்துவிட்டார். சீலையோடு வந்து திரும்பப் போட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைக்கிற வீட்டில் பூசணிக்காய் நான்தான். எனக்கு மறைய விருப்பமில்லை.

பெற்றோலும் தடை, மண்ணெண்ணெயில் ஓடும் கார் ஒன்றில் அவர்கள் வந்து இறங்கினார்கள். பெடியனின் தாய் படலையிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன கொடியிலை?"

"அது சைக்கிளின்ரை ஏதோ சாமான்," என்றார் அம்மா.

"இல்லை மாமி," என்றேன். "அது என்ரை. எனக்குத் தொய்வு. முட்டு வந்தால் அதாலைதான் மூச்செடுக்கிறனான்."

உள்ளே வந்து இருந்தார்கள். பனங்கட்டியைக் கடித்துத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு தரகர் எங்கள் ஒழுங்கைப் பக்கமே வரவில்லை. அம்மா என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, சோற்றுக் கோப்பையை மட்டும் தள்ளிவைப்பார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் குழாயைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை.

அப்படியிருக்க ஒரு மத்தியானம் திடீரென்று மழை இறங்கியது. முற்றம் நிறையப் பாய்களில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது, அந்த வருசத்துக்கான மிளகாய். அம்மா அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து ஓடினார். பாய்களைத் தாண்டிப் படலைவரை போய், தெருவில் சனம் ஒதுங்கி நின்று பார்க்க, கொடியிலிருந்த குழாயையும் மூடியையும் எடுத்து நெஞ்சோடு சேர்த்துச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டு வந்தார்.

என் கையில் தந்துவிட்டு, "விடியத் திருப்பிக் கழுவி முன்னுக்கே போடு," என்றார்.

மிளகாய் முழுக்க நனைந்துபோயிற்று.