சரோஜா அக்கா கொடுக்காத பேட்டரி

"பேட்டரி அக்காவுக்கு சார்ஜ் எறங்கிடுச்சாம்."

காலையில் பால் ஊற்ற வந்தவர் இப்படித்தான் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பாலை அடுப்பில் வைத்த பிறகுதான், செத்துப்போனது நம் சரோஜா அக்கா என்பது உறைத்தது.

சத்தியவேடு பஜாரில் பேட்டரிக் கடை வைத்திருந்த சரோஜா அக்காவை, சனிக்கிழமை பஜனைக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவள் வாயில் விழாதவர்கள் நம்மில் யாருமில்லை. பஜனை மலருக்காக அவளைப் பற்றி "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்று என்னிடம் கேட்டார்கள். இரண்டு நாள் யோசித்தேன். நாலு தேறவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாவது வரை, அதுவும் தெலுங்கில். தமிழ் எழுத்தைப் பாசுரப் புத்தகம் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாவு வீட்டில் யாரும் அழவில்லை. அவள் பிள்ளை தலைமாட்டில் நின்றுகொண்டு, கடையில் கிடக்கும் பழைய பேட்டரிகளை எடைக்கு எடுத்துக்கொள்வாயா என்று போனில் யாரையோ கேட்டுக்கொண்டிருந்தான். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசிட் தின்று தின்று விரல் நுனியில் ரேகையே இல்லை. ரேஷன் கடை மிஷினில் அவள் விரல் பதியாது. "எனுக்கு ரேகையே கெடையாதுடி, எவனும் ஜோசியம் பாத்து என்னெ ஏமாத்த முடியாது" என்பாள்.

எங்கள் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் வலது முழங்கால் மேல் இரும்புச் சட்டம் விழுந்தது தெரிந்திருக்கும். கம்பி வைத்துத் தைத்தார்கள். கால் நின்றது, மடங்கவில்லை. அதற்குப் பிறகு நான் இட்லி மாவு அரைக்கிறேன், அவர் அதை வண்டியில் வைத்து வரதய்யபாளையம் வரை கடை கடையாகப் போடுகிறார். மடங்காத காலால் வண்டியை உதைக்க முடியாது. பட்டன் அழுத்தித்தான் எடுக்க வேண்டும். கடைக்குக் கடை நிறுத்தி நிறுத்தி எடுப்பதால் பேட்டரி ஏற நேரமே இல்லாமல் இறங்கிப்போகும். இறங்கினால், போகிற வருகிறவனைக் கூப்பிட்டு "கொஞ்சம் ஒதைச்சுக் குடுப்பா" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பதில் அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேருவார். ஒருமுறை அப்படி வந்தவர் அன்று சாப்பிடவில்லை. "நாளையிலேர்ந்து போவல" என்றார். எங்கள் வீட்டில் பேட்டரி என்றால் எனக்கு அது பேட்டரி மட்டும் இல்லை, அவர் வாசல் தாண்டுவாரா மாட்டாரா என்பது.

அப்போது எங்களிடம் இருந்தது தண்ணீர் ஊற்றுகிற லெட் பேட்டரி, ஈயத் தகடு வைத்தது. டிஸ்டில் வாட்டர் ஊற்ற வேண்டும் என்று அக்கா சொல்லித்தான் கொடுத்தாள். ஒரு சனிக்கிழமை அது தீர்ந்துபோயிருந்தது. நாராயணவனம் பெருமாள் கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தம் பூஜையறையில் இருந்தது. இதைவிடச் சுத்தமான தண்ணீர் உலகத்தில் ஏது என்று ஊற்றினேன். அடுத்த சனிக்கிழமையும் ஊற்றினேன். மூன்று மாதம், வாரம் தவறாமல், கோவிந்தா சொல்லி ஊற்றினேன்.

பேட்டரி செத்தது. அக்கா மூடியைத் திருகிக் குனிந்து பார்த்தாள். குறடை உள்ளே விட்டுக் கறுப்பாக எதையோ எடுத்தாள்.

"ஏம்மா கோவிந்தா, இன்னாது இது?"

துளசி இலை.

எதிர் டீக்கடைக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள். "யோவ், எல்லாரும் வாங்கய்யா! இந்தம்மா மூணு மாசமா பெருமாள ஆசிட்ல குளிப்பாட்டிக்கினு இருந்திருக்குது!"

டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு வந்து பார்த்தார்கள். அக்கா அந்த இலையைக் கடைக் கண்ணாடியில் ஒட்டி வைத்தாள். அது காய்ந்து விழும்வரை நான் பஜாருக்குப் போகவில்லை. பெருமாளுக்குச் செய்த அபசாரத்துக்காக நாலு சனிக்கிழமை பட்டினி கிடந்தேன். அதில் பாதிப் பட்டினி அபசாரத்துக்கு, பாதி அவள் மேல் இருந்த ஆத்திரத்துக்கு. நீங்களும் என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டு சிரித்தீர்கள். எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதன் பிறகுதான் லித்தியம் வந்தது. திருப்பதியில் கிடைக்கிறது, தண்ணீர் வேண்டாம், சட்டென்று ஏறிவிடும், ஒரு கையால் தூக்கலாம் என்று யாரோ வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார்கள். அக்காவிடம் கேட்டார். அவள் வண்டியை முறுக்கச் சொல்லி மீட்டர் வைத்தாள்.

"பதினஞ்சரை வோல்ட்டு காட்டுது பாரு. உன் ரெகுலேட்டரு கெட்டுப்போயி அளவுக்கு மேல அனுப்பிக்கினு இருக்குது. அத்த மாத்தாம லித்தியம் போடாத. லெட்டுன்னா ரெண்டு வாரம் இருமிக்கினு மொனகிக்கினு சொல்லிட்டுத்தான் சாவும். லித்தியம் சிரிச்சிக்கினே இருக்கும், பட்டுன்னு தன்னால கட் பண்ணிக்கும். நடு ரோட்ல நிப்ப. நீயோ கட்டக்காலு. உன்ன எவன் தூக்கியாருவான்?"

கட்டைக்கால் என்ற வார்த்தை வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது. ரெகுலேட்டர் விழவில்லை. "லெட்டு விக்கறவ லெட்டத்தான் நல்லதுன்னுவா" என்று வீட்டுக்கு வந்து குதித்தார். நான் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் லெட், ஒரு பக்கம் லித்தியம் என்று கோடு போட்டு நல்லது கெட்டது எழுதினேன். பதினைந்தரை என்பதையும் எழுதினேன். ஆனால் அவரிடம் படித்துக் காட்டவில்லை.

கடைசியில் பூ போட்டுப் பார்ப்போம் என்றார். வெள்ளைப் பூ வந்தால் லித்தியம், சிவப்பு வந்தால் லெட். இரண்டு பொட்டலம் கட்டி, பெருமாள் முன்னால் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நான்தான் ஒன்றை எடுத்தேன். பிரித்தேன். அவர் கூடத்தில் இருந்தார்.

சிவப்பு.

"இன்னா வந்துது?" என்றார்.

"வெள்ளை" என்றேன்.

அக்கா சொன்னது சரியாகிவிடக் கூடாது என்று எனக்கு. அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் தேடிப் பார்த்தேன், இல்லை.

திருப்பதிக் கடைப் பையன் எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். "சால லைட்டு அம்மா, பட்டி சூடண்டி", ரொம்ப லேசு, பிடித்துப் பாருங்கள் என்று உள்ளங்கையில் வைத்தான். வண்டியில் ஏதாவது கோளாறு உண்டா என்றும் மரியாதையாகக் கேட்டான். இல்லை என்றார் வீட்டுக்காரர். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் ராஜா மாதிரி ஓடியது. பிறகு ஒரு நாள் மத்தியானம், வரதய்யபாளையத்துக்கு முன்னால், கடும் வெயிலில் பட்டென்று நின்றது. விளக்கில்லை, ஹாரனில்லை. போன் செய்தார். ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். மாவு புளித்துப் பொங்கி வாளி மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் உதைத்துப் பார்த்தேன், முடியவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்க அவர் விடவில்லை. வேறு வழியில்லாமல் அக்காவைக் கூப்பிட்டேன்.

மொபெட்டில் கால் நடுவே ஒரு லெட் பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தாள். வந்தவள் அதை இறக்கவில்லை.

"எறங்கு" என்றாள் அவரிடம். "இந்த வண்டி ஓடறதுக்கு பேட்டரியே வாணாம். ஒதைச்சா போதும். ஒதை."

"அக்கா, காலு…"

"தெரியும். அந்தப் பக்கம் போயி நில்லு. மடங்காத காலு தூணு மாதிரி நிக்குமில்ல? அத்த ஊணிக்கினு நல்ல காலால ஒதை."

அவர் வண்டிக்கு வலது பக்கம் போய் நின்றார். பிடித்துக்கொண்டு இடதுகாலைத் தூக்கி உதைத்தார். வழுக்கி விழுந்தார். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். நான் ஓடினேன். அக்கா என் முழங்கையை எட்டிப் பிடித்தாள்.

"வுடுக்கா!"

"நீ போனின்னா இந்தப் பேட்டரிய இப்பவே திருப்பி எடுத்துக்கினு பூடுவேன்."

மறுபடி உதைத்தார். மறுபடி விழுந்தார். இந்தத் தடவை வாளியும் சாய்ந்து, மாவு அவர் மேலேயே கொட்டியது. "பாரு, தோசைக் கல்லுல ஊத்தின மாதிரி கெடக்குறான்" என்றாள். கூட்டம் சிரித்தது. அவர் அழுதார். அவர் அழுது ஆஸ்பத்திரியில்கூட நான் பார்த்ததில்லை. "உன் கையில புழு வைக்க" என்று நடுரோட்டில் நின்று அவளைச் சபித்தேன். அவள் பிடியை விடவில்லை.

எத்தனையாவது உதையோ, வண்டி உறுமியது. அவர் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாவு சொட்டச் சொட்ட ஏறிப் போய்விட்டார்.

சாலையில் நானும் அக்காவும் கொட்டின மாவும்தான் மிச்சம். வீட்டுக்கு அவள் மொபெட்டில்தான் வர வேண்டியிருந்தது. பாதி வழியில் கேட்டேன்: "அவரு நல்லதுக்குத்தான் செஞ்சியா அக்கா?"

"நல்லதா? மத்தியான சோறு துன்னாம வந்தேன். எரிச்சல். அவன் மூஞ்சப் பாத்தா இன்னும் எரிச்சல்."

அந்த எரிச்சலிலா, வெயிலிலா தெரியவில்லை, பூவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். சிவப்பு வந்ததையும், நான் வெள்ளை என்று சொன்னதையும். மொபெட்டை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கட்டிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "பெருமாளையே ஏமாத்தினியா? அடிப்பாவி, நீதாண்டி என் ஆளு."

இது பஜார் முழுக்கப் பரவிவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். பரவவில்லை. துளசி இலையைக் கண்ணாடியில் ஒட்டியவள் இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அவரும் நானும் கடைக்குப் போகும்போதெல்லாம், "என்னாம்மா கோவிந்தா, செவப்பா வெள்ளையா?" என்று கேட்பாள். எனக்கு உயிர் போகும். அவள் வெற்றிலையை மென்றுகொண்டு என் முகத்தைப் பார்த்து ருசிப்பாள். அவர் ஏதோ ஒயர் கலரைச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார். ரெகுலேட்டரை மாற்றிக் கொடுத்தவளும் அவள்தான். எந்தப் பேட்டரி போடலாம் என்று அவர் பயந்து பயந்து கேட்டதற்கு, "இனிமே எது வேணா போட்டுக்க. ஒதைக்கத் தெரிஞ்சவன் இதையெல்லாம் எங்கிட்ட கேக்கக் கூடாது" என்றாள். அவளிடமிருந்து எங்களுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. அதையும் திட்டுகிற குரலில்தான் சொன்னாள்.

அவர் தமிழ் படிக்கமாட்டார். நான் வாய் திறக்காமல் இருந்தால், இந்த மலர் வீட்டிலேயே கிடந்தாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. இன்று மத்தியானம், இதுவரை எழுதியதை அவருக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். பூ வந்த இடத்தையும் விடாமல் வாசித்தேன்.

"செவப்பா வந்துது?" என்றார்.

"ஆமா."

எழுந்து வெளியே போனார். வண்டிக்கு அந்தப் பக்கம் நின்று உதைத்தார். எடுக்கவில்லை. மறுபடி உதைக்கும்போது கால் சறுக்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தொங்கினார். நான் வாசற்படி வரைக்கும் போய் அங்கேயே நின்றேன். முழங்கையில் அக்காவின் விரல்கள் இருந்தன. மூன்றாவது உதையில் வண்டி எடுத்தது. அவர் ஏறிப் போன பிறகுதான் நான் படி இறங்கினேன்.