நிலைக்கு அடியில் ரோமாபுரி ராஜா

காலை ஏழு மணிக்குத் தூத்துக்குடியில் திருச்செந்தூர் பேருந்தைப் பிடித்தேன். ஆறுமுகநேரிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். வழியெல்லாம் உப்பளம், அந்த நேரத்திலேயே கண் கூசியது.

என் தங்கை செல்வியும் மாப்பிள்ளை தங்கராசுவும் இருபது வருட வாடகை வாழ்க்கைக்குப் பிறகு, அங்கே ஊருக்கு வெளியே சொந்த வீடு கட்டுகிறார்கள். செப்டிக் டேங்க் குழி தோண்டும்போது பழங்காலத்து அகலச் செங்கல் சுவர் ஒன்றும் மூன்று காசுகளும் வந்தன. தங்கராசுவுக்கு எதையும் மனசுக்குள் வைத்திருக்கத் தெரியாது. ராஜா தலை பொறித்த ஒரு காசைப் படம் பிடித்து 'எங்க வீட்டு ராஜா' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். படம் கைமாறிப் போய், அது ரோமாபுரி ராஜா என்று கண்டுகொண்ட தொல்லியல் அதிகாரி இன்று வருகிறாராம். துணைக்கு நான்.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பேஸ்மட்டம் எழும்பி, அதன்மேல் மஞ்சள் குங்குமத்தோடு தலைவாசல் நிலை மட்டும் நின்றது. சுவர் இன்னும் இல்லை. அதிகாரி எனக்கு முன்பே வந்து, குழிக்குள் இறங்கிச் சொக்கிப்போயிருந்தார்.

"காசு எங்க?" என்றார் மேலே ஏறி.

செல்வி நிலையைக் காட்டினாள். நிலை வைக்கும்போது அடியில் காசு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மண்ணுல தானா வந்த காசு சார். இதவிட ராசியான காசு எங்கன கெடைக்கும்? புளி போட்டு வெளக்கி, நவதானியத்தோட வச்சிட்டேன்."

பழங்காசைத் தேய்க்கவே கூடாதாம்; புளி என்றதும் அதிகாரி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நிலையை எடுக்கணும்மா."

"வச்ச நிலைய அசைக்கக் கூடாது. ஒங்க வீட்டுல அசைப்பியளா?"

அவருக்கும் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்; வழக்கம் தெரிந்தவர். கொத்தனாரைக் கூப்பிட்டு, பக்கவாட்டில் ஒரு செங்கல்லை மட்டும் உருவச் சொன்னார். மூன்று ராஜாக்களும் பளபளவென்று வெளியே வந்தார்கள். அடி வெறுமையாகக் கிடக்கக் கூடாது என்று செல்வி மறித்து நின்றாள். அதிகாரி பையைத் துழாவி, ஒரு ஐந்து ரூபாய்க் காசைத் தானே உள்ளே வைத்தார்.

பிறகுதான் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பழைய சுவர் உங்க அடுக்களைக்குக் கீழயும் போவுது. தோண்டி முடிக்கிற வரைக்கும் வேலை நடக்கக் கூடாது. நிலை நிக்கட்டும்."

"எத்தன நாளு சார்?" என்றார் தங்கராசு.

அதிகாரிக்கே தெரியவில்லை. அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த எனக்கு, இவர்கள் இன்னும் கட்டப்போகும் வாடகை அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மதியம் கிளம்பும்போது செல்வி முகத்தைப் பார்க்க முடியாமல், சுவரில்லாத பக்கமாக இறங்கப் போனேன்.

"அண்ணே, எங்க வீட்டுக்கு வாசல் இருக்கு."

திரும்பி வந்து நிலை வழியாக வெளியேறினேன். என் பின்னால் அதிகாரியும், காசுப் பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்தபடி, தலை குனிந்து அந்த வாசல் வழியாகவே இறங்கினார்.