பாதியில் நின்ற மழைப்பாட்டு

ஓரத்தில் விரிசல் விட்ட அந்தக் கேசட்டை இன்னும் நான் தூக்கிப் போடவில்லை. மேலே ஒட்டிய தாளில் 'சினிமாப் பாடல்கள்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அதன் ஓரத்தைச் சுரண்டினால் அடியில் பழைய தாள் ஒன்று தெரியும். அதில் ஒரு பெண்ணின் நெற்றியும் பொட்டும் மட்டும் மிச்சம். முகத்தின் மீதிப் பகுதி பசையோடு போய்விட்டது.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என் பழைய முதலாளி எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வயது உடம்பைத்தான் தளர்த்தியிருந்தது, வாய் அப்படியே இருந்தது. "இப்ப போன்ல ஒரு பாட்ட சும்மா வுட்டு, மிச்சத்த விக்கறானுங்களே, அத இந்த தருமபுரியில மொதல்ல செஞ்சவன் நானுங்க" என்று பக்கத்து இலைக்காரரிடம் அளந்துகொண்டிருந்தார். நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

எண்பதுகளின் நடுவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவருடைய ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பதியும் வேலை பார்த்தேன். ஜனங்கள் வெறும் கேசட்டோடு வந்து பிடித்த பாட்டுகளைச் சொல்வார்கள், நாங்கள் பதிந்து கொடுப்போம். எந்தப் பாட்டுக்கும் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. ஊரார் பாட்டை நகல் எடுத்தே மாடி வீடு கட்டிய மனிதர் அவர். சாமி படத்துக்குப் பூப் போடாமல் ஒரு நாளும் கடை திறக்க மாட்டார். திருட்டுத் தொழிலைப் பக்தியோடு செய்தார்.

அதியமான்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்த அக்கா ஒருவர் சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடுவார். பள்ளி விழாவில் அந்தக் குரலைக் கேட்ட முதலாளிக்கு லாபம் மூக்கில் வியர்த்தது. சேலத்துக்கு அழைத்துப் போய் ஒரு கேசட் பதிந்தார். இது விற்றால் அடுத்தது, விற்காவிட்டால் இத்தோடு சரி என்று முன்பே சொல்லிவிட்டார். அக்காவிடம் இன்னும் நிறையப் பாட்டுகள் இருந்தன. பள்ளி, சமையல், அடுப்பு என்று போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அந்தக் கேசட் ஒன்றுதான் அவருக்கென்று இருந்தது.

இலவசமாக ஒரு பாட்டைக் கொடுக்கும் யோசனையும் அக்காவுடையதுதான். "மழப்பாட்ட மட்டும் முழுசா பஸ்சுக்காரங்களுக்குச் சும்மா குடுத்துருங்க. என் பாட்டு, நானே சரிங்கறேன், யாரு என்ன கேக்கப் போறாங்க? புடிச்சவங்க மத்த பாட்டுக்குக் கடைக்கு வருவாங்க" என்றார். வத்தல்மலை மேல் கருக்கும் மழை இறங்கி வந்து ஊரை நனைப்பதுதான் அந்தப் பாட்டு. கேசட்டில் ஒரு பக்கத்தின் கடைசியில் அதை வைத்திருந்தோம்.

முதலாளி தலையாட்டினார். அக்கா போனதும், "முழுசா குடுத்தா எவன் வாங்குவான்? பஸ்சுலயே கேட்டுட்டு வூட்டுக்குப் போயிருவான்" என்று பதிவுக் கருவியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். பாட்டில் மழை மலை உச்சியில் நிற்கும்போது தன் விரலாலேயே பொத்தானை அமுக்கினார். அதே பாதிப் பாட்டைக் கேசட் நெடுகத் திரும்பத் திரும்பப் பதியச் சொன்னார். என்ன ஒரு மூளை! ஊரார் பாட்டை முழுசாகத் திருடுகிறவருக்கு, இனாமாக வந்த பாட்டை முழுசாகக் கொடுக்க மனசு வரவில்லை.

பாப்பிரெட்டிப்பட்டி பஸ்சில் அது நாலைந்து நாள் ஓடியது. வரி நடுவில் பாட்டு அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கேசட் பழுது என்று சிலர் சொன்னார்கள், பாடினவளுக்கு மீதி மறந்துவிட்டது என்று சிலர் சிரித்தார்கள். ஒரு நாள் அக்காவே அந்த பஸ்சில் ஏறியிருக்கிறார். பாட்டு நின்றது, சிரிப்பு எழுந்தது. கம்பியைப் பிடித்தபடி எழுந்து நின்று மீதிப் பாட்டைத் தானே பாடி முடித்தாராம். மறுநாள் கடைக்கு வந்து கண்டக்டர்தான் சொன்னார்: "வண்டியே கப்சிப்புனு ஆயிடுச்சுங்க. மொத்தப் பாட்டும் இருக்கறதா ஒண்ணு குடுங்க, போற வழியெல்லாம் போடறோம்."

கதவைத் தட்டி வந்த அதிர்ஷ்டம் அது. முதலாளி அதன் முகத்துக்கு நேராக, "காசு குடுத்து வாங்கிப் போடுய்யா" என்றார். கண்டக்டர் பாதிப் பாட்டுக் கேசட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். பஸ்சில் பழையபடி சினிமாப் பாட்டு ஓடியது. அக்காவின் கேசட்டை யாரும் கேட்டு வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அக்கா வந்தபோது, விற்காத கேசட்டுகள் எல்லாவற்றின் மேலும் முதலாளி சினிமாப் பாட்டைப் பதிந்துகொண்டிருந்தார். சேலத்தில் பதிந்த மூல நாடாவும் அதில் அழிந்துவிட்டிருந்தது. அக்காவின் படத்தின் மேல் சிவப்பு மையில் எழுதிய தாளை ஒட்டிய அந்தக் கேசட்டுகளில் ஒன்றை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். அக்கா சுற்றும் கருவியைப் பார்த்தார். "விக்கலேன்னா போவுதுங்க. எனக்குப் பாட்டு மறந்துருச்சுனு சொல்றாங்களே, அதான் தாங்கல" என்றார். முதலாளி அடுத்த கேசட்டைக் கருவியில் செருகினார். அதற்குப் பிறகு அக்கா எந்த விழாவிலும் பாடியதாக நான் கேள்விப்படவில்லை. அந்த ஆளை அன்றைக்கு வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன்.

கல்யாணத்திலிருந்து வந்த அன்று, பரணில் கிடந்த டேப் ரெக்கார்டரை இறக்கி அந்தக் கேசட்டைப் போட்டேன். சினிமாப் பாட்டு ஒவ்வொன்றாக ஓடி முடிந்தது. பக்கம் முடிய இன்னும் கொஞ்சம் நாடா இருந்தது. கடைசிச் சினிமாப் பாட்டு நாடாவின் நுனி வரை எட்டாததால், முதலாளியின் கை அங்கே மட்டும் போகவில்லை, பழைய பதிவு அழியாமல் கிடந்தது. அக்காவின் குரல் வந்தது. முதலாளி விரல் வைத்து நிறுத்திய இடத்துக்குக் கொஞ்சம் அப்பாலிருந்து, மழை மலையை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொல்கூடத் தடுமாறாமல் ஊர் எல்லை வரை வந்தது.