ஜெபம் பண்ணிய மாதுளை ஜூஸ்

சபையாருக்கு ஸ்தோத்திரம். கர்த்தர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால், என் பொறுமை போன கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் ஜெனி பிறந்த இரண்டாவது வாரத்தில் அவளுக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. ஆபரேஷனில் சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது நாலு வயது. குடல் குட்டை என்பதால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதற்குள் வெளியே ஓடிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குழைந்த சோறு, முட்டை, கோழி. இடையில் டாக்டர் சொன்ன அளவில் உப்புச் சர்க்கரைக் கரைசல், மடக்கு மடக்காக. இனிப்பு ஜூஸ் கூடவே கூடாது. அது உடம்பிலிருக்கும் தண்ணீரையும் குடலுக்குள் இழுத்து வெளியே தள்ளிவிடும்.

மன்னார்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அத்தனை பேரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். கேட்டால்தானே! நோயாளி வீட்டுக்கு வெறுங்கையோடு போனால் மரியாதையில்லையாம். ஒருவர் திராட்சை, ஒருவர் இளநீர். "ஒரு வாய்தானே, புள்ள ஏங்குது பாருங்க" என்பார்கள். அப்புறம் டயப்பர் மாற்றுவது யார்?

எல்லோரையும் மிஞ்சியவர் எஸ்தர் அக்கா. எனக்காக ஜெபிக்க வாராவாரம் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வருவார். போன ஈஸ்டருக்கு முந்திய வியாழக்கிழமை, நான் குளிக்கப் போன நேரத்தில், ஜெனிக்கு டம்ளர் நிறைய மாதுளை ஜூஸ் கொடுத்துவிட்டார். சர்க்கரை வேறு போட்டு.

"ஜெபம் பண்ணித்தாம்மா குடுத்தேன். ஒண்ணும் செய்யாது" என்றார்.

சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை போயிற்று. அழுதால் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நரம்பு கிடைக்காமல் கையெல்லாம் குத்தினார்கள். அரும்பாடுபட்டு ஏற்றிய எடையில் ஒரு கிலோ போய்விட்டது. பிள்ளை செத்துப்போவாள் என்றே பயந்தேன்.

பார்க்க வந்த எஸ்தர் அக்காவை வார்டு வாசலிலேயே நிறுத்தி, "இனிமே எங்க வீட்டுப் பக்கம் வராதீங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பிப் போனார். ஜெனி பிழைத்து வீடு வந்ததும் ஆண்டவரிடம் எரிந்து விழுந்தேன். "குடல் வளர வேண்டுமென்று நான் கேட்டது இருக்கட்டும். இவர்கள் அன்பிலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்றும். இனி யாரையும் அனுப்பாதேயும்."

மூன்றாவது வாரம் காலிங் பெல் அடித்தது. எஸ்தர் அக்கா! கதவைச் சாத்தத்தான் போனேன். அவர் கையில் ஒரு நோட்டும் பேனாவும் மட்டும் இருந்தன.

"டாக்டர் சொன்னதெல்லாம் சொல்லும்மா, எழுதிக்கறேன். ஜெனியக் கொல்லப் பாத்துட்டேனே, மன்னிச்சிடும்மா" என்று அழுதார்.

எனக்குக் கோபம் தீரவில்லை. இருந்தாலும் சொன்னேன். மூன்று தடவை படித்துக் காட்டிச் சரிபார்த்தார். இப்போது தினமும் பகலில் அவர்தான் அளந்து ஊட்டுகிறார். நாலு வருஷத்தில் முதல்முறையாக நான் மத்தியானம் தூங்கினேன். போன ஞாயிறு ஒரு சகோதரர் ரோஸ்மில்க்கோடு வந்தார். "நீங்க ஜெபம் பண்ணுங்க பிரதர், அத இங்க குடுங்க" என்று வாங்கி, எஸ்தர் அக்காவே மடமடவென்று குடித்துவிட்டார்!

போன கிலோ திரும்பி வந்துவிட்டது. மேலும் ஏறியிருக்கிறது. குடல் இன்னும் குட்டைதான். ஆனால் பிள்ளை வளர்கிறாள். யாரையும் அனுப்பாதேயும் என்று நான் கேட்டேன். அவரோ நான் விரட்டியவரையே அனுப்பினார். என் ஜெபத்தை அப்படியே கேட்காமல் விட்டதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன்.

நொந்துபோயிருக்கிறவர்களே, நல்ல வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை. எரிந்து விழுந்தாவது அவரிடமே போங்கள். என்னை அவர் தள்ளவில்லை. உங்களையும் தள்ளமாட்டார்.