ஊசிக்காரம்மாவிடம் நான் கொடுத்த ரத்தம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனால் இந்தக் கடைவீதியில் இருக்கிற தராசுகளில் பாதி என் கைபட்டுத்தான் நேராக நிற்கின்றன. என் எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் எந்தத் தராசையும் நம்பமாட்டேன். மனிதர்களையும் அப்படித்தான். என் கடைக்கு மேல்மாடியில் ரத்தப் பரிசோதனைக்கூடம் நடத்துகிற அம்மாவை எடைபோடத்தான் ஆறு வருடம் பிடித்தது. கடைவீதியில் அவருக்கு ஊசிக்காரம்மா என்று பெயர்.

லாரி ஓட்டியவரின் மகள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தவர், மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட மறுத்து வெளியே வந்தவராம். தினமும் காலையில், அளவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியை மெஷினில் விட்டுப் பார்ப்பார். எண் ஒத்துவராவிட்டால், படிக்கட்டு முழுக்க ஆள் நின்றாலும் கதவு திறக்காது. “திமிரப் பாரு” என்று நானே முணுமுணுத்திருக்கிறேன்.

இந்த வருடம் என் சிறுநீரகத்துக்கான கிரியேட்டினின் 0.9 என்று வந்தது.

“பாத்தீங்களா? எழுபத்திரண்டு வயசு. இரும்பு!” என்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். “போன வருஷம் ஊசி குத்த இந்த ரப்பர் பட்டைய உங்க கையில ஒரு சுத்துக்கே இழுத்துக் கட்டினேன். இப்ப ரெண்டு சுத்து வருது. கிரியேட்டினின் சதையிலேர்ந்து வர்றது பெரியவரே. சதை வத்தினா எண்ணும் இறங்கிடும். கிட்னி கெட்டிருந்தாலும் நல்லா இருக்கற மாதிரி காட்டும். சிஸ்டாட்டின் சி-ன்னு இன்னொரு புரதம் இருக்கு, சதைக்கு அது அவ்வளவா அசையாது. இதயத்துக்கு ஆபத்து இருக்கான்னும் கொஞ்சம் சொல்லும். அதையும் பாத்துடலாம்.”

“நல்ல ரிப்போர்ட்டையே நம்பாத ஆள இப்பத்தான் பாக்கறேன். கமிஷன் எவ்வளவு?”

“உங்க கடைக்கு வர்ற தராசு நேரா நின்னா, சோதிக்காம விட்டுடுவீங்களா?”

கோபமே இல்லை. அதுதான் என் சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. அந்தச் சோதனைக்கு ரத்தம் பிடித்த குழாயை வெளியே வேறு அனுப்புவாராம். விடுவேனா? ஒரே கல்லை இரண்டு தராசில் வைத்தால் திருடன் மாட்டுவான். அவரிடம் ஒரு குழாய் கொடுத்த சூட்டோடு, பேருந்து நிலையத்துக்கு எதிரே வேறொரு கூடத்தில் என் மைத்துனன் பெயரும் போன் நம்பரும் சொல்லி, அதே சோதனைக்கு மறு கையை நீட்டினேன். அவனிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மைத்துனன் செருப்புகூடப் போடாமல் கடைக்குள் ஓடிவந்தான்.

“அத்தான், என் கிட்னி பாதிக்கு மேல போயிடுச்சாம்! போன் பண்ணி உடனே டாக்டரப் பாருங்கறான். நான் ரத்தமே குடுக்கலயே, எப்ப எடுத்தான்?”

“அது உன் கிட்னி இல்லடா.”

“என் பேரச் சொல்றான் அத்தான்!”

கடையில் உட்கார்ந்திருந்த என் மனைவி ஐம்பது வருடமாக என் முழியைப் படிப்பவள். “என்ன பண்ணித் தொலைச்சீங்க?” என்றாள்.

மைத்துனனின் போனைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறினேன். அதில் வந்திருந்த ரிப்போர்ட்டில் 1.60. ஊசிக்காரம்மா கையில் இருந்த என் ரிப்போர்ட்டில் 1.62. ஒன்றைத் தாண்டக்கூடாத எண். இரண்டு தராசும் சரி. கல்லில்தான் கோளாறு.

அவர் போனில் இருந்த பெயரைப் பார்த்தார். என் மறு கையில் ஊசி குத்திய நீலத்தையும் பார்த்தார். “என்னையே சோதிச்சீங்களா? நானா இருந்தாலும் அதான் செஞ்சிருப்பேன்.” உடனே முகம் மாறியது. “முட்டி வலிக்கு என்ன மாத்திரை போடறீங்க?”

“முட்டி வலின்னு யார் சொன்னா?”

“நீங்க படி ஏறும்போது கேக்குது.”

நானே மருந்துக்கடையில் கேட்டு வாங்குவது. தினமும் இரண்டு, நான்கு வருடமாக. மனைவிக்கே தெரியாது. சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய வகைதான் அது என்று மறுநாள் டாக்டரும் சொல்லி அதை நிறுத்தினார்.

மூன்று மாதமாயிற்று. முட்டி வலிக்கிறது, எண் மேலே ஏறவில்லை. மைத்துனனும் தன் சொந்த ரத்தத்தைக் கொடுத்துவிட்டு, குழாயில் பெயர் ஒட்டும்வரை அசையாமல் நின்றான். என்னைக் கண்டால் ஊசிக்காரம்மா இப்போதெல்லாம் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே கேட்கிறார்:

“இன்னிக்கு யார் பேருக்கு, பெரியவரே?”