டெல்பர்ட் பிடுங்கிய வயர்

சட்பரி நகரில் பள்ளிப் பேருந்துகளை ரிப்பேர் பார்த்து ஓய்வுபெற்ற டெல்பர்ட்டுக்கு ஒரு வியாதி உண்டு. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரைக் கண்டால் கை சும்மா இருக்காது. கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் எத்தனை வகை உண்டோ அத்தனையையும் மாற்றி மாற்றி ஏற்றிப் பார்ப்பார். ஒன்றில் சத்தம் வராது, இன்னொன்றில் பிரிண்டர் முரண்டு பிடிக்கும். மல்லுக்கட்டிச் சரிசெய்ததும் அலுத்துவிடும்; அடுத்தது.

அவர் மனைவி நோரீனின் வியாதி வேறு. உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து, கண்கள் மட்டும் மிச்சம். கம்ப்யூட்டர் திரைக்குக் கீழே ஒரு கேமரா. அவள் பார்க்கும் எழுத்துகளைக் கோத்துக் கம்ப்யூட்டர் பேசும். "யோவ், ஓடுற வண்டியப் பிரிச்சுப் போடலன்னா உனக்குத் தூக்கம் வராதா?" என்று அது தகரக் குரலில் திட்டினால் டெல்பர்ட்டுக்கு உச்சி குளிரும்.

வெள்ளிக்கிழமை டாக்டர் மார்லீன் வருவதாக இருந்தது. தொண்டையில் துளையிட்டு மூச்சுக் கருவி பொருத்தலாமா, வேண்டாமா? நோரீன்தான் சொல்ல வேண்டும். வேண்டாமென்றால் பனி உருகும்வரைகூடத் தாங்காது.

வியாழன் காலை டெல்பர்ட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரை லேசாக நடுங்குகிறது என்று எல்லாவற்றையும் அழித்துப் புதிய லினக்ஸை ஏற்றினார். நடுக்கம் நின்றது. கேமராவும் நின்றது. நோரீன் ஊமையானாள்.

பதறிப்போய் மதியம் வேறொன்றை ஏற்றினார். கேமராவின் விளக்கு எரிந்தது; திரையில் புள்ளி அவள் கண்ணோடு நகர்ந்தது. அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும். சட்டென்று கேமராவின் வயரைப் பிடுங்கினார்.

"இதுவும் சரியில்லம்மா. வேற பாக்கலாம்."

அவள் இமைக்காமல் அவரையே பார்த்தாள்.

மறுநாள் மார்லீன் வந்ததும் டெல்பர்ட் வாசலிலேயே ஆரம்பித்தார். "இன்னும் சரியாகல டாக்டர். அடுத்த வாரம் வாங்களேன்."

"அடுத்த வாரம் வரைக்கும் மூச்சு தாங்கணுமே, டெல்பர்ட்." மார்லீன் உள்ளே போய் அவள் எதிரே உட்கார்ந்தார். "நோரீன், கருவி வேணும்னா ஒரு தடவ இமைங்க. வேண்டாம்னா ரெண்டு தடவ."

இரண்டு தடவை இமைத்தாள்.

"கண்ணுல தூசி விழுந்திருக்கும். திரும்பக் கேளுங்க."

திரும்பவும் இரண்டு.

"கண்ணச் சிமிட்டுறதெல்லாம் ஒரு பதிலா? என்னத் திட்டாம அவ ஒரு விஷயமும் சொல்ல மாட்டா, தெரியுமா?"

"அப்போ பேச வைங்க."

டெல்பர்ட் மண்டியிட்டு வயரைச் செருகினார். விளக்கு உடனே எரிந்தது.

எழுத்துகள் ஒவ்வொன்றாய் வந்தன. "வேண்டாம். நேத்தே சொல்லியிருப்பேன், திருட்டுப் பயலே."

டெல்பர்ட் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

புள்ளி இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. "பயமாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர விடு. கையப் பிடி."

அவர் அவள் விரல்களை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டார். அவை திருப்பிப் பிடிக்கவில்லை.