மருந்தடிக்கும் எஞ்சினில் ஓடிய சைக்கிள்

1974 ஆடி மாதம். வவுனியாவிலிருந்து காலை ரயிலில் யாழ்ப்பாணம் வந்து, பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். மடியில் ஒரு ரப்பர் பெல்ட். தண்ணீர் இறைக்கும் மெசினுக்குப் போடுவது. அல்லைப்பிட்டியில் இருக்கும் என் சகலன் மரியதாசுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் இந்தப் பயணம். இருபுறமும் கடல். சோளகக் காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளியது. எதிரே சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தார்கள்.

ஐந்து மைல் ஓடி பஸ் அல்லைப்பிட்டியில் நின்றபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மரியதாஸ் கடற்றொழிலாளி. முந்தின வருடம் வள்ளத்தைக் கரையேற்றும்போது அவருடைய இடது முழங்கால் நசுங்கிவிட்டது. ஆறிய பிறகும் அது மடியவில்லை. கடலுக்குப் போக முடியாது. மீன் வாங்கி ஊருக்குள் கொண்டுபோய் விற்கலாமென்றால் சைக்கிள் மிதிக்கவும் முடியாது. என் மனைவியின் தங்கை ஞானம்மாதான் கூடையைத் தலையில் சுமந்து புளியங்கூடல் வரைக்கும் நடந்தாள். ஆறேழு மைல். அவள் போய்ச் சேருமுன் பாதி மீன் பழுதாகிவிடும்.

"கொண்டு வந்தனீங்களோ அண்ணை?" என்று மரியதாஸ் கேட்டார். வாசலிலேயே என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

வலை வைக்கும் கொட்டிலுக்குள் அது நின்றது. பழைய இங்கிலீஷ் சைக்கிள். புகையிலைத் தோட்டத்துக்கு மருந்தடிக்க முதுகில் கட்டிக்கொள்ளும் மெசினின் எஞ்சினை, சைக்கிள் பாருக்குக் கீழே இரும்புப் பட்டிகளால் இறுக்கியிருந்தார். பின்சில்லின் கம்பிகளோடு சிறுவர் சைக்கிள் ஒன்றின் ரிம்மைக் கட்டியிருந்தார், பெல்ட் ஓடுவதற்கு. பிஸ்கட் தகரத்தை வெட்டி வளைத்து ஈயம் வைத்து ஒட்டிய நீண்ட பெற்றோல் டாங்கி. வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய பச்சைப் பெயின்ட்.

"நான் சின்ன வயசில எங்கட கோயில் சுவாமியார் இப்பிடி ஒரு மோட்டார் சைக்கிள் ஓடினவர். டாங்கி பாருக்குக் கீழ தொங்கும். அதுதான் வடிவு," என்றார்.

சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பாகங்கள் வந்த இடம் தெரியாவிட்டால், எங்கோ வெளிநாட்டில் ஐம்பது வருடத்துக்கு முன் செய்து கப்பலில் வந்தது என்றே நம்பியிருப்பேன்.

பிற்பகலில் பெல்ட்டைப் பூட்டி வீதிக்கு உருட்டினோம். மரியதாஸ் ஏறி இருக்க, நானும் ஞானம்மாவும் பின்னால் தள்ளினோம். எஞ்சின் இருமி, பிடித்து, எங்கள் கையை விட்டுப் பறந்தது. ஞானம்மா கைதட்டினாள். வளைவில் மாடுகள் குறுக்கே வந்தன. அவர் பிரேக்கை அழுத்தினார். எஞ்சின் நின்றது. சைக்கிள் இடப்பக்கம் சாய, ஊன்ற அந்தக் கால் வளையாமல் மணலுக்குள் சரிந்தார்.

ஓடிப்போய்த் தூக்கினோம். காயமில்லை. ஆனால் முகம் செத்துப்போயிருந்தது.

"சரிவராது அண்ணை. நிண்டால் தள்ளத்தான் வேணும். தனிய நான் எங்க போறது? இத வித்துப்போடுவம்."

நான் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தேன். ஞானம்மா குந்தியிருந்து பெல்ட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இது தொய்ஞ்சால் எஞ்சின் மட்டும்தானே சுத்தும்? சில்லுச் சுத்தாது. வேண்டியநேரம் தொய்யவிட்டு, வேண்டியநேரம் இறுக்க ஏலாதோ?"

மரியதாஸ் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாய்க் கப்பி ஒண்டு கிடக்கு!" என்றார்.

பொழுது சாயுமுன் வேலை முடிந்தது. எஞ்சினைச் சற்று உயர்த்திப் பெல்ட்டைத் தொய்யவிட்டோம். வள்ளத்தில் பாய் இழுக்கும் மரக்கப்பியை ஒரு இரும்புத் தடியின் நுனியில் பூட்டினோம். தடியை முன்னே தள்ளினால் கப்பி பெல்ட்டை அழுத்தும், சைக்கிள் ஓடும். பின்னுக்கு இழுத்தால் சைக்கிள் நிற்கும், எஞ்சின் நிற்காது. இனி அவர் ஆசனத்தில் இருந்தபடியே, மருந்தடிக்கிறவர்கள் இழுப்பதுபோல, எஞ்சினில் இருக்கும் கயிற்றை இழுத்து அதைக் கிளப்பலாம். யாரும் தள்ள வேண்டாம்.

மறுநாள் விடிய, பின்னால் மீன்கூடையைக் கட்டிக்கொண்டு தனியே புறப்பட்டார். ஞானம்மா குசினிக்குள் போனாள், வந்தாள், மறுபடி போனாள். அடுப்பு மூட்டவில்லை. வெயில் ஏறுமுன்னே தூரத்தில் அந்தப் படபடப்புக் கேட்டது. கூடை வெறுமையாக இருந்தது.

"சாட்டிப் பக்கம் பஸ்ஸுக்கு வழிவிட்டு, வலக்காலை ஊண்டி நிண்டனான். எஞ்சின் நிக்கேல்லை அண்ணை! நிக்கேல்லை!"

விற்றுத் தீர்ந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஞானம்மா சேலையை வரிந்து சொருகினாள். "இறங்குங்கோ. நானும் ஓடிப் பழகவேணும்."

"நீயோ? சனம் என்ன சொல்லும்?"

"கூடை தூக்கி நடக்கேக்க சனம் ஒண்டும் சொல்லேல்லையே."

என் பஸ் வந்துவிட்டது. நான் அதில் ஏறும்போது அவள் சைக்கிளில் ஏறிக்கொண்டிருந்தாள். வவுனியாவில் என் கடைக்கு வருகிறவர்கள் உடைந்ததைத் தருவார்கள், நான் புதியதைப் பூட்டிக் கொடுப்பேன். இல்லாத ஒன்றைக் கேட்டு யாரும் வந்ததில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. பின் யன்னலால் எட்டிப் பார்த்தேன். மரியதாஸ் கைத்தடியை ஊன்றி, "மெல்ல, மெல்ல!" என்று கத்திக்கொண்டு பின்னால் வந்தார். அவருக்கு முன்னால் ஞானம்மா அந்தச் சைக்கிளில், காற்றுக்குச் சரியாமல், வீதியை விட்டுக் கண்ணெடுக்காமல், நேராக வந்துகொண்டிருந்தாள்.